தெருவைப் பார்த்த செருப்பு

எங்கள் ஓசூர் சபையின் வாசலில் ஞாயிற்றுக்கிழமை காலையில் கிடக்கும் செருப்புகள் எல்லாம் ஆலயத்துக்குள் மூக்கை நீட்டிக்கொண்டிருக்கும். ஒரு ஜோடி மட்டும் தெருவைப் பார்த்துத் திரும்பி நிற்கும். நீலப் பட்டை வைத்த அந்த ரப்பர் செருப்பு லைன் லீடர் அக்காவுடையது. சிப்காட் தொழிற்பேட்டையில் வண்டிகளுக்கு வயர் கட்டும் கம்பெனியில் அவருக்குக் கீழேதான் நான் வேலை பார்த்தேன். ஏன் இப்படித் திருப்பி விடுகிறீர்கள் என்று ஒருநாள் கேட்டேன். "உள்ள ஆண்டவர் ஏதாச்சும் சொல்லுவாருல்ல? சொன்னா ஒடனே கெளம்பணுமே" என்றார், கம்பெனி பஸ்ஸைப் பிடிப்பது போல.

நான் திருநெல்வேலிப் பக்கம். தலைமுறை தலைமுறையாகக் கிறிஸ்தவர்கள். பிரசங்கம் கேட்டுக் கேட்டே எங்களுக்குக் காது மரத்துப்போயிருந்தது. ஆமென் சொன்ன கையோடு மத்தியானக் குழம்பை நினைக்கத் தொடங்கிவிடுவோம். அக்காவுக்கு அந்தப் பயிற்சி இல்லை. கல்யாணத்துக்குப் பிறகு விசுவாசத்துக்கு வந்தவர். வேதத்தில் செய் என்றிருந்தால் செய்துவிடுவார், அவ்வளவுதான்.

ஒரு திருவிருந்து ஞாயிறு, அப்பமும் ரசமும் கொடுக்கும் நாள். உடன்பிறந்தவருக்கு உன்மேல் மனத்தாங்கல் இருந்தால் முதலில் போய் ஒப்புரவாகு, பிறகு வந்து காணிக்கை வை என்ற பகுதியைப் போதகர் பேசி முடித்தார். பக்கத்தில் இருந்த அக்கா என் முழங்கையை இடித்தார்.

"வண்டி சாவி எடு."

"அக்கா, அப்பம் குடுக்கப் போறாங்க."

"குடுக்கட்டும். எனக்கு மொதல்ல என் தங்கச்சி."

தேன்கனிக்கோட்டைக்கு அந்தப்பக்கம் ஒரு கிராமத்தில் தங்கையைக் கட்டிக்கொடுத்திருந்தார்கள். கூடப்பிறந்த ஆண்பிள்ளை கிடையாது. தங்கை மகளின் காதுகுத்துக்கு, தாய்மாமன் இடத்தில் அக்காதான் சீர்த்தட்டோடு போய்ப் பிள்ளையை மடியில் வைத்துக்கொள்ள வேண்டும். புதிதாக ஞானஸ்நானம் எடுத்த வேகத்தில், குலதெய்வக் கோயிலில் நடக்கிறது என்று அக்கா போகவில்லை. வரவில்லை என்று சொல்லியும் அனுப்பவில்லை. புகுந்த வீட்டார் முன்னால் தங்கை வாசலையே பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறாள். அன்றோடு அக்கா தங்கை பேச்சு நின்றது.

"கதவைச் சாத்திட்டாங்கன்னா?" என்று வண்டியை ஓட்டிக்கொண்டே கேட்டேன்.

"போறது நம்ம வேலை. கதவு அவரு வேலை" என்றார். பிறகு, "உனக்கு அப்படிப் பேசாத ஆளு யாரும் இல்லியாம்மா?" என்றார். நான் ஆக்ஸிலேட்டரை முறுக்கினேன்.

நாங்கள் செய்த தவறு ஒன்றுதான். திருவிருந்துக்குக் கட்டிய வெள்ளைச் சேலை, கையில் வேதப் புத்தகம், அப்படியே போய் நின்றோம். அக்காவை அதற்கு முன் சரியாகப் பார்த்திராத தங்கையின் மாமியார், சுவிசேஷம் சொல்ல வந்தவர்கள் என்று முடிவுகட்டி, "மாகேமி வத்து, போயி ரண்டம்மா", எங்களுக்கு ஒன்றும் வேண்டாம், போய் வாருங்கள் என்று தெலுங்கில் சொல்லி, கும்பிடு போட்டுக் கதவைச் சாத்திவிட்டார். எனக்குச் சிரிப்பும் பசியும் ஒன்றாக வந்தன. அக்கா அசையவில்லை. மாட்டுக்கொட்டகை ஓரம் கேழ்வரகு வைக்கோலின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

புல்லுக்கட்டோடு தங்கை வந்தாள். கட்டைக்கூட இறக்கவில்லை.

"அன்னிக்கு வராதவ இன்னிக்கு எதுக்கு வந்த?"

"உன்னையத் தலைகுனிய வச்சிட்டேன். அது என் தப்புதான். மன்னிச்சுக்கடி."

தங்கை புல்லைப் போட்டுவிட்டு உள்ளே போனாள். நேரம் ஆக ஆக, போய்விடலாம் அக்கா என்று நானே சொல்லத் தொடங்கினேன். கதவு திறந்தது. காதில் கம்மலோடு ஒரு சின்னப் பெண்ணைக் கைப்பிடித்து இழுத்து வந்து, அக்காவின் மடியில் உட்காரவைத்தாள்.

"ரெண்டாவது காதுகுத்து அடுத்த மாசம் வைக்கட்டுமா? வருவியா?" என்றாள், அழுதுகொண்டே. மாமியார் மட்டும் அக்காவின் கையிலிருந்த புத்தகத்தைக் கடைசிவரை சந்தேகமாகவே பார்த்தார். ஆனாலும் களி போட்டார். அன்றைக்கு எனக்குக் கிடைத்த விருந்து அதுதான். இன்றுவரை அதற்குக் குறை சொல்ல மாட்டேன்.

அக்கா இப்போது வேலையை விட்டுக் காவேரிப்பட்டினத்தில் மகனோடு இருக்கிறார். நான் ஓசூரிலேயே இருக்கிறேன், அதே சபைதான். ஊரில் என் அண்ணனோடு நான் பேசுவதில்லை. யார்மேல் தப்பு என்று கேட்டால் இரண்டு பேருக்குமே நல்ல பதில் இருக்கிறது.

இன்று திருவிருந்து ஞாயிறு. உள்ளே நுழையும்முன் குனிந்து என் செருப்பைத் திருப்பி வைத்தேன். வண்டியில் மாற்றுடுப்புப் பையும், திருநெல்வேலி பஸ்ஸுக்கு எடுத்த டிக்கெட்டும், அண்ணன் பிள்ளைகளுக்கு வாங்கிய பலகாரமும் இருக்கின்றன. அண்ணன் வீட்டுக் கதவு திறக்குமா என்று தெரியாது. கதவு என் வேலை இல்லையே.