மாமியின் கரிக் கார்கள்

அந்தக் காலத்தை நினைத்தவுடன் கண்ணில் வருவது ஒரு கறுத்த இரும்புப் பீப்பா. ஆளின் இடுப்பளவு உயரம். காரின் பின்புறத்தில், சாமான் கட்டும் தட்டு இருந்த இடத்தில், அதை இரண்டு இரும்புப் பட்டைகளால் இறுக்கிக் கட்டியிருந்தார்கள். மேலே கரி போட ஒரு மூடி, கீழே சாம்பல் வார ஒரு சிறு கதவு, பக்கத்தில் கையால் சுற்றும் காற்றாடி. அதிலிருந்து ஒரு குழாய் காரின் அடிவயிற்றோடு ஓடி எஞ்சினுக்குப் போனது. தேங்காய்ச் சிரட்டைக் கரியை உள்ளே கொட்டி நெருப்பு மூட்டினால் கிளம்பும் வாயுவில் கார் ஓடும். அலவத்துகொடையில் எங்கள் வீட்டு முற்றத்தில் அந்தக் கார் முதன்முதலாக உறுமியபோது மாத்தளை ரோட்டில் போன கரத்தைக்காரர்கள்கூட மாட்டை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அதைச் செய்வித்த என் மாமி மட்டும் வெளியே வரவில்லை. நடுக்கதவுக்குப் பின்னால் நின்று சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார்.

மாமி என்பது என் மனைவியின் உம்மா. எங்கள் பக்கத்து வழக்கப்படி நான் கலியாணம் முடித்து மனைவியின் வீட்டுக்கே போனேன். கண்டியில் ஓர் இரும்புக் கடையில் எனக்கு வேலை. மாமா மூன்று ஹயரிங் கார்கள் வைத்திருந்தார். இரண்டு, கண்டி ஸ்டேஷன் முன்னால் ஆள் பார்த்து நிற்கும். மற்றது அக்குறணைக் கடைத்தெருவில் நின்று வியாபாரிகளை ஏற்றும். இருபதுகளில் தேயிலைக்கும் றப்பருக்கும் நல்ல விலை இருந்தபோது அவர் ஒன்றன்பின் ஒன்றாக வாங்கியவை அவை. எங்கள் கலியாணத்துக்கு அடுத்த வருடம் அவர் காய்ச்சலில் மௌத்தானார். விதவையாக வீட்டோடு இருக்கும் இத்தா முடிந்த கையோடு மாமி கார்களைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டார்.

மருமகனோடு மாமி முகம் பார்த்துப் பேசுகிற வழக்கம் அந்த வீட்டில் இல்லை. ஒரே கூரையின் கீழ் இருந்தோம், அவர் ஆக்கிய சோற்றைத்தான் தின்றேன். ஆனாலும் அவர் எனக்குச் சொல்ல வேண்டியதை மகளிடம் சொல்வார், அவள் என்னிடம் சொல்வாள். என் பதிலும் அதே வழியில் திரும்பிப் போகும். அவள் அந்த வேலையை எவ்வளவு சந்தோஷமாகச் செய்தாள் என்பதை எழுத்தில் கொண்டுவர எனக்குத் தெரியவில்லை. சொன்னதைச் சொன்னபடி அவள் ஒருநாளும் கொண்டுபோனதில்லை. கறியில் உப்புக் கூடிப்போச்சு என்று நான் முணுமுணுத்தால், உள்ளே போய், "உம்மா, இன்னும் கொஞ்சம் கறி வேணுமாம்" என்பாள். மாமி என்மேல் கோபப்பட்டு ஏதாவது சொன்னால், "உம்மா ஒங்கள மிச்சம் விசாரிச்ச" என்று என்னிடம் வந்து சொல்வாள். இரண்டு பக்கமும் அவளால் சமாதானமாக இருந்தோம். நாங்கள் அறியாமல் இல்லை. அறிந்துகொண்டுதான் பேசாமல் இருந்தோம்.

பிறகு மந்த காலம் வந்தது. தோட்டங்களில் ஆட்களை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். கடைகளில் சாமான் தேங்கியது. காரில் போனவர்கள் பஸ்ஸில் ஏறினார்கள், பஸ்ஸில் போனவர்கள் நடந்தார்கள். பெட்ரோல் விலை மட்டும் இறங்கவில்லை. பின்னேரம் டிரைவர்மார் மூன்று பேரும் விறாந்தையில் வந்து நின்று அன்றைய ஓட்டத்தைச் சொல்வார்கள். கதவுக்குப் பின்னாலிருந்து மாமி கேள்வி கேட்பார். பெட்ரோலுக்குப் போனது போக வீட்டுக்கு வருவது நாளுக்கு நாள் குறைந்தது. ஒருநாள், திகனயிலிருந்து வந்து மாமா காலம் தொட்டு எங்களிடம் ஓட்டிய பெரிய டிரைவர் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"இப்பிடியே போனா ஒரு காரக் குடுத்துட்டு மத்த ரெண்டுக்கும் எண்ணெ ஊத்தத்தான் சரி, உம்மா."

உள்ளே என் மனைவி அழும் சத்தம் எனக்குக் கேட்டது. அந்தக் கார்கள் அவளுக்கு வாப்பாவின் மிச்சம். ஒவ்வொரு காரும் வீட்டுக்கு வந்த நாளில் வாப்பா அவளை முன் சீட்டில் வைத்து அக்குறணை வரைக்கும் கொண்டுபோய் வந்திருக்கிறார்.

மாமி காரை விற்கவில்லை. மூன்றையும் மூன்று விதமாக ஓட்டிப் பார்க்கலாம் என்றார். ஒன்று வழக்கம்போல் பெட்ரோலில் ஓடட்டும். இன்னொன்றைப் பெட்ரோலில் கிளப்பி, சூடேறிய பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றட்டும். அப்படிச் சிலர் கள்ளமாக ஓட்டிக்கொண்டிருந்தது ஊருக்கே தெரியும். மூன்றாவது, கரிக் கார். தேயிலைத் தொழிற்சாலைகளில் பெரிய எஞ்சின்கள் கரி வாயுவில் ஓடுவதை மாமி யாரிடமோ கேள்விப்பட்டிருந்தார். தோட்டத்து வேலையிலிருந்து நிறுத்தப்பட்டுக் கட்டுகஸ்தோட்டையில் பட்டறை போட்டிருந்த ஒரு மெக்கானிக்கைக் கூப்பிட்டனுப்பினார். அவர் பீப்பாவைப் பூட்டி முடித்துவிட்டு, "ஏத்தத்துல கொஞ்சம் மூச்சு வாங்குமுங்க. மத்தபடி ஒண்ணும் பயமில்ல" என்றார்.

மழைக்காலம் ஒன்றும் வெயில்காலம் ஒன்றும் இந்தப் பரீட்சை நடந்தது. மாமியைப்போல் கணக்குப் பார்த்த ஒருவரை நான் கடைத்தெருவிலும் கண்டதில்லை. எண்ணெய் விலையை மட்டும் அவர் பார்க்கவில்லை. மண்ணெண்ணெய்க் கார் மலிவாகத்தான் ஓடியது. ஆனால் பிளக் அடிக்கடி கரி பிடித்தது, எஞ்சின் எண்ணெய் தண்ணீராய்ப் போனது, நாற்றம் தாங்காமல் ஸ்டேஷனில் ஏறிய ஒரு துரைசானி பாதி வழியில் இறங்கிவிட்டார். இதையெல்லாம் மாமி அந்தக் காரின் செலவில் சேர்த்தார். கரிக் காரில் புகையைச் சுத்தம் செய்யும் துணி வாரத்துக்கு ஒருமுறை கிழிந்தது. டிரைவரின் சட்டையும் சீட் உறையும் கறுத்தன. அவற்றைத் துவைக்கிற சவர்க்காரத்தைக்கூட மாமி விடவில்லை. பலகடுவ ஏற்றத்தில் அந்தக் கார் படுத்துவிடும் என்பதால் மாத்தளைப் பயணம் எடுக்க முடியாது. அந்த நட்டத்தையும் கழித்தார். எல்லாம் பார்த்த பிறகும் கரிதான் மலிவு. குருநாகல் பக்கத்திலிருந்து வண்டியில் வரும் ஒரு மூட்டைச் சிரட்டைக் கரி, அதே தூரத்துக்கு ஊற்றும் பெட்ரோலின் விலையில் சிறு பங்குதான்.

கரி பற்றி வாயு பிடிக்கும் மட்டும் கார் நிற்கிற நேரத்தை யாரும் கணக்கில் சேர்க்கவில்லை. பெரிய டிரைவர் ஒருமுறை அதைச் சொன்னார். "விடிய எழும்பி மூட்டினாச் சரிதானே. நேரத்துக்கு ஆரு காசு கேக்குற?" என்று கதவுக்குப் பின்னாலிருந்து பதில் வந்தது. எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

மற்ற இரண்டு கார்களையும் கரிக்கு மாற்றலாமா என்று மாமி என்னிடம் கேட்டனுப்பினார். அப்போது என் மனைவி முழுகாமல் இருந்தாள். எங்களுக்கு முதல் பிள்ளை. நான் அவளிடம் சொன்னேன்: "ஒரு காரக் குடுத்துட்டு, ஒண்ட பெட்ரோல்லயே வெக்கச் சொல்லுங்க. அவசரத்துக்கு ஒண்டு வேணும். நீங்களும் இப்பிடி ஈக்கிற நேரம்." அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு சிரித்துவிட்டு உள்ளே போனாள். என்ன சொன்னாள் என்று நான் கேட்கவில்லை. அந்த மாதமே மெக்கானிக் திரும்ப வந்தார். மூன்று கார்களுக்கும் பீப்பா ஏறியது. மாமி என் பேச்சை எடுக்கவில்லை என்று எனக்கு மனவருத்தம். வீடு அவருடையது, காரும் அவருடையது என்று விட்டுவிட்டேன்.

அவளுக்கு நாள் ஆகுமுன்பே நோவு கண்டது. மதிய லுஹர் தொழுகைக்குப் பிறகு நல்ல மழை. அன்று எனக்குக் கடையில் லீவு. உள்ளே போன மருத்துவச்சி கொஞ்ச நேரத்தில் வெளிறிய முகத்தோடு வெளியே வந்து, இரத்தம் நிற்கவில்லை, உடனே கண்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள் என்றாள். இரண்டு கார் ஓட்டத்துக்குப் போயிருந்தன. பெரிய டிரைவரின் கார் மட்டும் கொட்டிலில் நெருப்பணைந்து நின்றது. அவர் ஓடிப்போய்ச் சாம்பலை வாரினார். மூட்டையின் மேல் கரி ஈரம் பட்டிருந்தது. அடியிலிருந்து கையால் அள்ளி அள்ளிப் போட்டோம். அவர் காற்றாடியைச் சுற்றினார், பிறகு நான் சுற்றினேன், திரும்ப அவர் சுற்றினார். வாயு பற்றுகிறதா என்று குழாயின் வாயில் தீக்குச்சியைக் காட்டிக் காட்டிப் பார்த்தோம். புகைதான் வந்தது. வீட்டுக்குள்ளிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. அது எனக்கு அழுகையைவிடப் பயமாக இருந்தது.

வாயு பிடித்துக் கார் கிளம்பியது. பின் சீட்டில் மாமி மகளின் தலையை மடியில் வைத்திருந்தார். அன்றைக்குத்தான் நான் மாமியின் முகத்தை நேருக்கு நேர் கண்டேன். எஞ்சினைக் கிளப்புவதற்கென்று சிறு டாங்கியில் கொஞ்சம் பெட்ரோல் இருக்கும். அக்குறணை தாண்டுமுன்பே அதையும் டிரைவர் திறந்துவிட்டார். கட்டுகஸ்தோட்டைப் பாலம் வரைக்கும் கார் ஒருமாதிரி ஓடியது. மஹியாவ ஏற்றத்தில் ஏறத் தொடங்கியதும் இழுவை குறைந்தது. பெட்ரோல் முடிந்திருந்தது. ஒரு வளைவில் கார் நின்றேவிட்டது.

நான் இறங்கித் தள்ளினேன். ரோட்டோரக் குடிசைகளிலிருந்து ஆட்கள் மழையில் ஓடிவந்து கைகொடுத்தார்கள். பீப்பா சுட்டது, அதைத் தொடாமல் தள்ள இடமில்லை. ஒருமுறை மூச்சு வாங்க ஜன்னல் பக்கம் வந்தபோது என் மனைவி கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள்.

"உம்மாக்கு ஒண்டும் சொல்லிராதீங்க" என்றாள்.

மாமியை ஏசாதீர்கள் என்று கேட்கிறாள் என்றுதான் நான் நினைத்தேன். ஏசமாட்டேன் என்று தலையாட்டினேன். ஏற்றத்தின் உச்சிவரை தள்ளிக்கொண்டு போனோம்.

ஆஸ்பத்திரியில் பிள்ளை இறந்து பிறந்தது. ஆண் பிள்ளை. மாலை மஃரிபுத் தொழுகைக்கு முன் அவளும் போய்விட்டாள். அங்கிருந்த யாழ்ப்பாணத்து டாக்டர் வெளியே வந்து என் தோளில் கை வைத்தார். "முந்தி வந்திருந்தாலும் காப்பாத்தியிருப்பம் எண்டு சொல்லேலாது, தம்பி. அதை நினைச்சு மனதை வருத்தாதேங்கோ" என்றார். நல்ல மனிதர். காப்பாற்றியிருக்க முடியாது என்று அவர் சொல்லவில்லை. அதையும் நான் கவனித்தேன்.

கபுறடியில் அடக்கிவிட்டுத் திரும்பி வந்த பிறகு அந்த வீட்டில் பேச்சு நின்றுபோனது. துக்கத்தால் மட்டும் அல்ல. மாமிக்கும் எனக்கும் இடையில் சொல்லைக் கொண்டுபோக ஆள் இல்லை. சோறு மூடி வைத்திருக்கும், நான் தின்பேன். கோப்பையைக் கழுவி வைப்பேன், அது உள்ளே போகும். டிரைவர்மார் பின்னேரங்களில் விறாந்தையில் வந்து நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். உள்ளேயிருந்து கேள்வி வரவில்லை. கார்கள் கொட்டிலில் நின்றன. நான் என் உம்மா வீட்டுக்கே திரும்பிப் போகலாம் என்று நினைத்திருந்தேன். எப்படிச் சொல்வது, யாரிடம் சொல்லியனுப்புவது என்று தெரியாமல் நாளைக் கடத்தினேன்.

அவளுக்காகக் கத்தம் ஓதி, வந்தவர்களெல்லாம் போன பிறகு ஒருநாள் காலையில் விறாந்தைக் கதிரையில் உட்கார்ந்திருந்தேன். நடுக்கதவு கொஞ்சம் அசைந்தது.

"மருமகன்" என்றார் மாமி.

நான் எழுந்து நின்றேன்.

"ஒண்டு கேக்கணும். மூணு காரையும் கரிக்கு மாத்துற நேரம் நான் மகள ஒங்களுக்கிட்டக் கேட்டுவரச் சொன்ன. ஒங்களுக்கும் அதுதான் விருப்பம், ஒண்டையும் விக்க வாணாம், எல்லாத்தையும் மாத்தச் சொன்னீங்க என்டு மகள் வந்து சொன்ன." கதவு இன்னும் கொஞ்சம் விலகியது. "அவ சொல்லுற விதம் எனக்குத் தெரியும். ஒங்களுக்கும் தெரியும். நீங்க உண்மையா அப்பிடித்தான் சொன்னீங்களா?"

மழையில் ஜன்னலோரம் அவள் கேட்டது எதை என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. வாப்பாவின் காரில் ஒன்றுகூடப் போய்விடக்கூடாது என்று, நான் சொன்னதை உள்ளே போகும் வழியிலேயே மாற்றியிருக்கிறாள். உயிர் போகிற நேரத்திலும் அது அவள் நினைவில் இருந்திருக்கிறது. உள்ளதைச் சொன்னால் மாமியின் தலையிலிருந்து பாரம் இறங்கும். ஆனால் அது போய் அந்தப் புதுக் கபுறின் மேல் ஏறும். மகள் தன் வாயாலேயே தன் உயிருக்கு உலை வைத்துக்கொண்டாள் என்று அந்த உம்மா மிச்சக் காலம் முழுதும் நினைத்துக்கொண்டிருக்க வேண்டும்.

"ஓ மாமி. நான்தான் சொன்னேன். எல்லாத்தையும் மாத்துறதுதான் நல்லம் என்டு சொன்னேன்."

அவர் நம்பினாரா என்று எனக்கு அன்றும் தெரியாது, இன்றும் தெரியாது. பிறகு கதவு முழுதாகத் திறந்தது. மாமி முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு வெளியே வந்து எனக்கு எதிரே இருந்த கதிரையில் உட்கார்ந்தார்.

"அப்ப நாங்க ரெண்டு பேரும்தான்" என்றார்.

அதன்பின் நான் அந்த வீட்டை விட்டுப் போகவில்லை. இரண்டு கார்களை விற்றோம். மிஞ்சிய காரின் பீப்பாவைக் கழற்றிப் பெட்ரோலில் ஓட்டினோம். அதில் பெரிதாக ஒன்றும் மிஞ்சவில்லை, ஆனால் மாமி பிறகு ஒருநாளும் செலவு எவ்வளவு என்று கேட்கவில்லை. எனக்கு மறு கலியாணம் பேசி முடித்தவரும் அவர்தான். இன்று கண்டி ஸ்டேஷன் முன்னால் டாக்சிக்காரர்கள் பெட்ரோல் லாபமா டீசல் லாபமா என்று வாதாடுவதைக் கேட்கும்போது நான் கொஞ்சம் தள்ளி நின்றுகொள்வேன். மாமி உயிரோடு இருந்த காலமெல்லாம், கிழமைக்கு ஒருமுறையாவது, நானும் அவரும் எதிரெதிரே உட்கார்ந்து தேத்தண்ணி குடிப்போம். அவளைப் பற்றிப் பேசுவோம். பேச்சை மாற்றிக் கொண்டுபோக யாரும் இல்லாததால், இருவரும் மிகவும் பார்த்துப் பார்த்துத்தான் பேசுவோம்.