உஸ்தாத் ஹாயில் தட்டிய கதவுகள்

உஸ்தாத் ஹாயில் இறந்த நாற்பதாம் நாள் ஆண்கள் மேல்நிலைப் பள்ளியில் நினைவுக் கூட்டம் நடந்தது. ஒன்பது பேர் பேசினார்கள். புகையிலைத் தோட்டக் கூலியின் மகனாகப் பிறந்து, ஒரே ஒரு மேல்கோட்டோடு டமாஸ்கஸ் போய்ப் படித்துத் திரும்பியவர் என்றார்கள். முப்பத்து நான்கு வருடம் புவியியல் நடத்தியவர், எதையும் பார்க்காமல் கரும்பலகையில் நைல் நதியை ஒரே கோட்டில் இழுத்துவிடுவார் என்றார்கள். எல்லாம் உண்மைதான். ஆனால் துப்பாக்கியைப் பற்றி ஒருவர்கூடப் பேசவில்லை. நான் பேசுகிறேன். அவருடைய பெயர் கெட்டுவிடும் என்று என் அண்ணன் ஸைஃப் சொல்கிறான். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

வரைபடத்தில் எந்த ஊரைக் காட்டத் தெரியாமல் ஒரு பையன் முழிக்கிறானோ அந்த ஊரின் பெயரையே அவனுக்கு வைத்துவிடுவது உஸ்தாதின் வழக்கம். எங்கள் ஊர் கஃப்ர் லோஸில் இன்றும் ஒரு லிமா ரொட்டி சுடுகிறார், ஒரு ஹனோய் டாக்ஸி ஓட்டுகிறார். என் அப்பா நவ்வாஃப்தான் மொகாதிஷு. பள்ளி இறுதியான தவ்ஜீஹி தேர்வை இரண்டு முறை எழுதி இரண்டு முறையும் தோற்றவர். எங்கள் குடும்பத்தில் அந்தத் தேர்வில் அதுவரை யாரும் ஜெயித்ததில்லை.

தவ்ஜீஹி முடிவு வரும் நாளில் ஜெயித்த வீட்டுக்காரர்கள் மாடியேறி வானத்தை நோக்கிச் சுடுவார்கள். சட்டப்படி அது குற்றம். ஆனாலும் சுடுவார்கள். பதினாறு வருடத்துக்கு முன்பு அப்படியொரு நாளில் கீழ்த்தெருவில் ஹனான் என்ற பதினோரு வயதுப் பெண் மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். மேலிருந்து விழுந்த குண்டு ஒன்று அவளைக் கொன்றது. அவள் ஒரே பிள்ளை. அன்று ஊரில் நாற்பது துப்பாக்கியாவது வெடித்திருக்கும். குண்டு யாருடையது என்று கண்டுபிடிக்க முடியவில்லை. கொன்றவன் யாரென்று தெரிந்திருந்தால் அவனுடைய குடும்பத்துப் பெரியவர்கள் போய்ப் பொறுத்துக்கொள்ளும்படி கேட்டிருப்பார்கள். தெரியாததால் யாரும் போகவில்லை. மூன்றாம் நாள் உஸ்தாத் ஹாயில் மட்டும் தனியாகப் போனார். ஊருக்காகப் போனார், அப்படிப்பட்ட மனுஷன் என்று எல்லாரும் சொன்னார்கள்.

அதற்கு அடுத்த வருடத்திலிருந்து, முடிவு வருவதற்கு முந்தைய வாரம் முழுவதும் அவர் தேர்வு எழுதிய பிள்ளைகளின் வீடுகளுக்குப் போவார். காப்பி ஊற்றிக் கொடுத்தால் கிண்ணத்தைக் குடிக்காமல் தரையில் வைத்துவிடுவார். வந்தவர் கிண்ணத்தைத் தரையில் வைத்தால் ஏதோ கேட்டு வந்திருக்கிறார் என்று பொருள். பதில் சொல்லாமல் வீட்டுக்காரர் தப்ப முடியாது. "சுட மாட்டேன்னு சொல்லு, குடிக்கிறேன்" என்பார். பலர் சொன்னார்கள். சிலர் சொல்லிவிட்டுச் சுட்டார்கள். "ஆறின காப்பி வராரு" என்று பையன்கள் தெருமுனையில் சிரிப்பார்கள்.

இரண்டு வருடத்துக்கு முன்பு, ஸைஃப் தேர்வு எழுதிய வருடம், முடிவு சொன்ன தேதிக்கு ஒரு நாள் முன்னதாகவே, அன்றே பத்து மணிக்கு வருகிறது என்று காலை எட்டு மணிக்கு அறிவித்துவிட்டார்கள். உஸ்தாதின் பட்டியலில் இரண்டு வீடுகள் மீதம் இருந்தன. ஒன்று எங்களுடையது. அப்போது அவருக்கு எழுபத்தொரு வயது. வலது முழங்கால் மடங்காது. ஒன்பதரைக்கு எங்கள் கூடத்தில் வந்து உட்கார்ந்தார். காப்பியை வாங்கித் தரையில் வைத்தார்.

"எடுங்க உஸ்தாத், ஆறிடும்" என்றார் அப்பா.

"உன் கையிலதான் இருக்கு மொகாதிஷு."

"இந்த ஒரு நாளாவது அப்படிக் கூப்பிடாதீங்க."

"சரி, நவ்வாஃப். துப்பாக்கி யாருது?"

"பெரியப்பா பையனோடது. இருபது ரவுண்டு வாங்கி வச்சிருக்கேன். இதோ பாருங்க, எங்க பரம்பரையில யாரும் ஜெயிச்சதில்ல. நான் ரெண்டு தடவ தோத்தப்ப இந்தத் தெருவே சிரிச்சுது, உங்களுக்குத் தெரியும். இன்னிக்கு அவனுங்க காதுல விழணும்."

"மேளம் அடி. பட்டாசு வெடி. நானே ஆடறேன்."

"இந்தக் காலோடயா?"

உஸ்தாத் சிரித்தார். ஆனால் கிண்ணத்தைத் தொடவில்லை. அப்பாவும் பதில் சொல்லவில்லை. பத்தாவதற்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது மேல்தெருவில் முதல் வெடி கேட்டது. அப்பா எழுந்து மாடிக்குப் போய்விட்டார். விருந்தாளி கிண்ணத்தைத் தரையில் வைத்திருக்கும்போது எழுந்து போகும் வீட்டுக்காரரை அன்றுதான் பார்த்தேன். உஸ்தாத் கடிகாரத்தைக் கழற்றித் தொடைமேல் வைத்துக்கொண்டார்.

"எழுபத்தெட்டு புள்ளி நாலு!" என்று ஸைஃப் கத்தினான். அம்மா அழுதாள். தலைக்குமேலே ஒரு வெடி. கண்ணாடி அதிர்ந்தது.

ஒன்றுதான். இரண்டாவது வெடிப்பதற்குள் உஸ்தாத் சுவரைப் பிடித்தபடி படியேறத் தொடங்கியிருந்தார். மடங்காத காலை ஒவ்வொரு படியிலும் இழுத்து வைத்து ஏறினார். நான் பின்னால் போனேன். கதவருகே அவருடைய தலையைப் பார்த்ததும் அப்பா துப்பாக்கியைத் தாழ்த்தினார்.

"எந்தப் பக்கம் சாச்சுப் பிடிச்ச?" என்று உஸ்தாத் கேட்டார்.

"என்ன, மார்க் போடப் போறீங்களா?"

"ஆமா. காத்து எங்கேருந்து வருது? அதையாவது சரியாச் சொல்லு."

அப்பா கொடிக்கயிற்றைப் பார்த்தார். "மேற்கேருந்து."

"அப்ப கிழக்கே இறங்கியிருக்கும். கீழ்த்தெரு. வா, போய்ப் பாப்போம்."

"நான் எதுக்கு வரணும்?"

"வராட்டி நான் போறேன். மொகாதிஷு ஒண்ணு சுட்டான், உங்க வீட்ல யாருக்காவது பட்டுச்சான்னு ஒவ்வொரு வீடா நானே கேக்கறேன். எனக்கென்ன வெக்கம்?"

அப்பாவின் முகம் சிவந்தது. துப்பாக்கியை ஸைஃபிடம் கொடுத்தார். ஆண்கள் இல்லாத வீடுகளில் உள்ளே போய்ப் பார்க்க ஒரு பெண் வேண்டும் என்று உஸ்தாத் என்னையும் வரச் சொன்னார்.

கீழ்த்தெருவில் பத்தொன்பது கதவுகள். முதல் கதவைத் திறந்த கிழவர் "இனிப்பு எங்கடா? வெறுங்கையோட வந்து வாழ்த்து வாங்கிட்டுப் போலாம்னு பாக்கறியா?" என்றார். "சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்" என்று அப்பா இழுத்தார். உஸ்தாத் பின்னால் நின்று, "சொல்லு" என்றார். அப்பா சொன்னார். கிழவர் "கழுதை" என்று கதவைச் சாத்தினார். சாத்துவதற்கு முன்பு உள்ளே திரும்பி ஆட்களை எண்ணினார். அதை நாங்கள் எல்லாரும் பார்த்தோம்.

ஐந்தாவது கதவில் ஒருவர் சிரித்தார். "நான்கூட இப்பத்தான் மூணு போட்டேன். அதுக்காக வீடு வீடா அலைவேனா?" உஸ்தாத் அவரிடம் எந்தப் பக்கம் என்று கேட்டுத் தாளில் குறித்துக்கொண்டார். அந்த மனிதர் சிரிப்பை நிறுத்திவிட்டார்.

எட்டாவது வீட்டை நெருங்கும்போது உள்ளே பெண்களின் குரல் ஒன்றாக எழுந்தது. அப்பா நடுத்தெருவில் அப்படியே நின்றுவிட்டார். நான் ஓடிப் போய்ப் பார்த்தேன். குலவை. அவர்கள் வீட்டுப் பெண்ணும் ஜெயித்திருந்தாள். அதன்பிறகு அப்பா யாரும் சொல்லாமலே கதவுகளைத் தட்டினார். "நான் நவ்வாஃப். ஒண்ணு சுட்டேன். உங்க வீட்ல எல்லாரும் இருக்காங்களா? மாடியில யாராவது?" ஒவ்வொரு கதவிலும் அவருடைய குரல் இன்னும் கொஞ்சம் தாழ்ந்தது. மேல்தெருவில் வெடிச்சத்தம் நிற்கவில்லை.

பத்தொன்பதாவது வீட்டில் கதவு சாத்தியிருந்தது, பூட்டவில்லை. அது ஹனானின் வீடு. அவளுடைய அப்பா இறந்து ஆறு வருடம் ஆகிறது. அம்மா உம்மு ஹனான் மட்டும் தனியாக இருந்தாள். தட்டினோம். பதில் இல்லை. மாடிப்படியின் அடியில் ஒரு ஜோடிச் செருப்பு கிடந்தது.

"உம்மு ஹனான்!" என்று அப்பா கூப்பிட்டார். கத்தினார். பிறகு என்னைப் பார்த்து, "தீமா, ஏறிப் பாரும்மா" என்றார். அவர் என்னிடம் அப்படிக் கெஞ்சி நான் கேட்டதில்லை.

ஏறினேன். கொடியில் தொங்கிய விரிப்புகளுக்குக் கீழே முதலில் இரண்டு பாதங்கள் தெரிந்தன. அவள் பாயில் மல்லாந்து கிடந்தாள். கண் மூடியிருந்தது.

"உயிரோடதான் இருக்கேன்" என்றாள் அவள், கண்ணைத் திறக்காமல். "யார் வீட்டுப் பொண்ணு நீ?"

"நவ்வாஃபோட மக. அப்பா… ஒண்ணு சுட்டுட்டார். பாக்க வந்தோம். கீழ வந்துடுங்க, இன்னும் சுடறாங்க."

"தெரியும். வருஷா வருஷம் இந்த நாள்ல மணி ஒண்ணு வரைக்கும் இங்கதான் படுத்திருப்பேன். விழறது விழட்டும்." எழுந்து வந்து கைப்பிடிச் சுவரிலிருந்து கீழே எட்டிப் பார்த்தாள். அப்பா சுவரில் சாய்ந்து நின்றார். "ஒண்ணுதானா? உங்க வாத்தியார் அன்னிக்கு ஏழு போட்டார்."

அப்பாவுக்குப் புரியவில்லை. உஸ்தாதைப் பார்த்தார்.

"மாஜித் ஜெயிச்ச அன்னிக்கு" என்றார் உஸ்தாத். மாஜித் அவருடைய மகன். "ஏழு. எங்க விழுந்துச்சுன்னு இன்னி வரைக்கும் தெரியாது. அதைச் சொல்லத்தான் மூணாம் நாள் இங்க வந்தேன்."

"ஊருக்காக வந்தீங்கன்னு…"

"ஊர் அப்படிச் சொல்லுச்சு. நான் இல்லைன்னு சொல்லல. மறுநாள் வகுப்புல நாற்பது பேர் என்னை நிமிர்ந்து பாப்பாங்களே, அது போயிடும்னு பயம்."

அப்பா சுவரிலிருந்து விலகி நேராக நின்றார். பிறகு, "உங்க பையனுக்கு ஏழு. என் பையனுக்கு ஒண்ணுகூடக் கூடாது. அப்படித்தானே உஸ்தாத்?" என்றார். குரலில் கோபம் இருந்தது. அது நியாயமான கோபம் என்றே இப்போதும் நினைக்கிறேன்.

"அப்படித்தான்" என்றார் உஸ்தாத். "இவங்க மேல படுத்திருக்காங்க நவ்வாஃப். கீழ வாங்கன்னு பதினாலு வருஷமாக் கேக்கறேன். வர மாட்டேங்கறாங்க. அதனால நான் உங்க வீட்டுப் படியெல்லாம் ஏற வேண்டியிருக்கு."

"பையன் ஜெயிச்சுட்டானா? மப்ரூக்" என்று வாழ்த்திவிட்டு உம்மு ஹனான் மறுபடி விரிப்புகளுக்குப் பின்னால் போய்விட்டாள்.

உஸ்தாத் சட்டைப்பையிலிருந்து தாளை எடுத்துப் பார்த்தார். கசாப்புக்கடை ஷாத்தி வீடு மட்டும் பாக்கி. அங்கே துப்பாக்கி இரண்டு. மகன் ஜெயித்ததைக் கொண்டாட வெளியூர் உறவினர்களெல்லாம் வந்துகொண்டிருந்தார்கள், அவர்கள் வந்து சேர்ந்த பிறகுதான் சுடுவார்கள். உஸ்தாத் இரண்டு அடி வைத்தார். முழங்கால் தாங்கவில்லை. படியைப் பிடித்து உட்கார்ந்துவிட்டார். அப்பா அவருடைய கையிலிருந்து தாளை வாங்கிக்கொண்டு மேட்டில் ஏறிப் போனார்.

உஸ்தாதும் நானும் அங்கேயே உட்கார்ந்திருந்தோம். அவர் ஒவ்வொரு வெடிக்கும் தலையைத் திருப்பி, எந்த வீடு என்று முணுமுணுத்தார். பதினொன்றரைக்குள் ஐந்து. பன்னிரண்டுக்குள் மேலும் இரண்டு. கசாப்புக்கடைப் பக்கமிருந்து கூச்சல் கேட்டது, பிறகு ஓய்ந்தது.

"ஹாயில், நின்னுடுச்சா?" என்று மேலிருந்து குரல் வந்தது.

"இன்னும் தெரியல உம்மு ஹனான். கொஞ்சம் சுவரோரமாவது நகந்து படுங்க."

அவள் நகர்ந்தாளா என்று எனக்குத் தெரியாது. மணி ஒன்றுக்குச் செருப்பை மாட்டிக்கொண்டு, எங்களுக்குத் தண்ணீர் கொண்டுவந்தாள்.

அப்பா அதற்குப் பிறகுதான் இறங்கி வந்தார். சட்டையில் இரண்டு பொத்தான்களைக் காணோம். உதடு வீங்கியிருந்தது. உஸ்தாத் அப்பாவின் முகத்தையே பார்த்தார்.

"ஷாத்தி வீட்ல சுடல" என்றார் அப்பா.