பல வருடங்களாக எனக்குத் தெரிந்தவர்

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் ரொறன்ரோவில் நான் பார்த்த வேலை, ஒரு பிரேசில் நாட்டுச் செனட்டரைக் குளிக்க வார்ப்பது. சிரிக்காதீர்கள், உண்மைதான். அவருடைய மகள் மிசிசாகாவில் வேலை செய்தாள். அவள் காலையில் காரை எடுக்கும்போது நான் ரெக்ஸ்டேலில் இருந்து பஸ்ஸில் போய் இறங்குவேன். மாலை அவள் திரும்பும்வரை அந்த எண்பது வயதுக் கிழவர் என் பொறுப்பு.

முகம் வழித்துவிட்டதும் கோட்டைப் போட்டு, கழுத்தில் ரை கட்டிவிடச் சொல்வார். பிறகு வாசல் கதவைப் பார்த்தபடி கதிரையில் இருந்துவிடுவார். காக்காய் குருவிகூட வராது. "யாரைப் பார்த்துக்கொண்டு இருக்கிறீர்கள், சேர்?" என்று ஒருநாள் கேட்டேன். அன்றுதான் அவருடைய கதை அரைகுறை ஆங்கிலத்தில் வெளியே வந்தது.

மழை எட்டிப் பார்க்காத ஒரு வறண்ட மாவட்டத்துக்காரர். வழக்கறிஞராகி, ஊர் மேயராகி, செனட்டுக்குப் போனவர். விடிந்தால் அவர் வாசலில் சனம் நிற்குமாம். ஆஸ்பத்திரியில் கட்டில் வேண்டும், மகனுக்கு வேலை வேண்டும், தெருவுக்கு ஒரு கிணறு வேண்டும். எல்லோருக்கும் கடிதம் கொடுப்பார். பிறகு ஆமிக்காரர் ஆட்சியைப் பிடித்து, பதவியைப் பறித்து, நாட்டை விட்டும் துரத்தினார்கள். பல வருடம் கழித்துத் திரும்பிப் போய்த் தேர்தலில் நின்றபோது சொந்த ஊரே அவரைத் தோற்கடித்தது. "அடுத்த நாள் காலை வாசலில் ஒருத்தரும் இல்லை" என்றார். மனைவியும் போய்ச் சேர்ந்த பிறகு மகள் இங்கே கூட்டிவந்துவிட்டாள்.

என் கதை அதைவிடச் சின்னது. என் அகதிக் கோரிக்கை விசாரணைக்கு வரவிருந்தது. அது சரிவந்தால்தான் மனைவியையும் பிள்ளையையும் கூப்பிடலாம். மூன்று வருடமாக அவர்கள் கொழும்பில் ஒரு லொட்ஜ் அறையில், ஒவ்வொரு பொலிஸ் சுற்றிவளைப்புக்கும் நடுங்கிக்கொண்டு கிடந்தார்கள்.

என்னோடு அறையில் இருந்த அண்ணையிடம் செனட்டரைப் பற்றிச் சொன்னேன். மனிதர் துள்ளி எழும்பினார்.

"அட விசரா! செனட்டர் எண்டால் சும்மாவே? கைக்குள்ளை ஒரு எம்.பி.யை வைச்சுக்கொண்டு முழுசிக்கொண்டு இருக்கிறாய். ஒரு கடிதம் வாங்கடா!"

எம்.பி. கடிதம்! எங்களுக்கு ஊட்டி வளர்த்த புத்தி அதுதானே. பள்ளிக்கூட அனுமதியோ, இடமாற்றமோ, பொலிஸில் பிடிபட்டவனை வெளியே எடுப்பதோ, ஊரில் அது இல்லாமல் எது நடந்தது? அடுத்த நாளே கேட்டேன். கிழவர் நிமிர்ந்து உட்கார்ந்த விதத்தைப் பார்க்க வேண்டுமே! மகளின் ரைப்ரைட்டரில் அரை நாள் இருந்து ஒற்றை விரலால் தட்டினார். "இவரையும் இவருடைய குடும்பத்தையும் பல வருடங்களாக எனக்குத் தெரியும், நேர்மையானவர்கள்." கீழே முன்னாள் செனட்டர் என்று கையெழுத்து. எனக்கு அதில் ஒரு பிழையும் தெரியவில்லை. எங்கள் எம்.பி.மாரும் முன்பின் தெரியாதவனுக்கு அப்படித்தான் எழுதுவார்கள்.

என் வழக்கை எடுத்த லோயரிடம் காட்டவில்லை. "நேரை குடு, அப்பதான் மரியாதை" என்று அண்ணை சொல்லியிருந்தார். விசாரணையில் நானே பையிலிருந்து எடுத்து நீட்டினேன். தீர்ப்புச் சொல்ல இருந்த பெண்மணி இரண்டு தரம் வாசித்தார்.

"பிரேசிலில் எப்போது இருந்தீர்கள்?"

"நான் அங்கே போனதே இல்லை."

"அப்படியானால் இவருக்கு உங்களைப் பல வருடங்களாக எப்படித் தெரியும்?"

"எட்டு மாதமாகத்தான் தெரியும். கடிதம் என்றால் அப்படித்தான் எழுதுவார்கள்."

"மற்றக் கடிதங்களையும் அப்படித்தான் எழுதினார்களா?"

மற்றக் கடிதங்கள்! தம்பியை ஆமி பிடித்துக்கொண்டு போனதற்குக் கிராமசேவகர் தந்தது. என் முதுகுக் காயத்துக்கு டொக்டர் தந்தது. அத்தனையும் சத்தியம். அத்தனையையும் என் கையாலேயே பொய்யாக்கிவிட்டு நின்றேன். லோயர் நெற்றியில் கையை வைத்தார். சில வாரங்களில் மறுப்பு வந்தது. என் சாட்சியம் நம்பத்தக்கது அல்லவாம். என்னைச் செருப்பால் அடித்தாலும் போதாது.

அன்றும் வேலைக்குப் போனேன். கோட்டுப் போடும்போது கிழவர் கேட்டார்: "என் கடிதத்தால் காரியம் நடந்ததா?"

கோபம் பொங்கிக்கொண்டு வந்தது. கத்துவதற்குத்தான் வாயைத் திறந்தேன். "நடந்தது, சேர்" என்று வந்தது.

என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "வாழ்நாள் முழுக்க எழுதினேன். காரியம் நடந்ததா இல்லையா என்று ஒருத்தன்கூடத் திரும்பி வந்து சொன்னதில்லை. நீதான் வந்தாய்."

அவர்கள் ஏன் வரவில்லை என்று எனக்கு விளங்கியது. ரையைக் கட்டிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை கொழும்புக்குப் போன் எடுத்தேன். "இஞ்சாருங்கோ, அந்தப் பெரிய மனுசன்ரை பேரிலை கோயிலிலை அர்ச்சனை செய்விச்சனான்" என்றாள் மனைவி. "நட்சத்திரம் தெரியேல்லை, பேரை மட்டும்தான் சொன்னனான். கடிதம் குடுத்தனீங்களே? என்னவாம்?"

வாய்க்கு அந்தப் பொய் பழகியிருந்தது. "எல்லாம் சரிவந்திட்டுதப்பா" என்றேன்.

அவள் ரிசீவரைக் கீழே வைக்காமலே பிள்ளையைக் கூப்பிட்டாள். "ஓடி வா, ஓடி வா! அப்பாவிட்டைப் போகப் போறம்!"