கட்டில் போட்ட தைப்பூசம்

எனக்குத் தாய்வீடு கிடையாது. ஜப்பான்காரன் காலத்தில் அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்விட்டார்கள். மூன்றாம் வகுப்போடு படிப்பும் போயிற்று. ஆனால் ஆண்டுக்கு ஒருமுறை, தைப்பூசத்துக்கு முதல் நாள், ஒரு தாய்வீடு ஜொகூரிலிருந்து பஸ் பிடித்து என்னைத் தேடி வரும்.

சிங்கப்பூரில் சிராங்கூன் ரோட்டை ஒட்டிய சந்தில், ஒரு துணிக்கடையின் மேல்மாடியில் நானும் என் வீட்டுக்காரரும் தங்குமிடம் நடத்திவந்தோம். நீளமான ஒரு கூடம், பின்பக்கம் சமையலறை, குளிக்க ஒரு தொட்டி, அவ்வளவுதான். கடைக்கும் மாடிக்கும் சொந்தக்காரர், கீழே இருந்த முஸ்லிம் முதலாளி; பாய் என்போம். என்னைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார்.

தைப்பூசத்துக்கு வருகிறவர்கள் கூலாய்க்கு அப்பால் இருந்த ரப்பர் தோட்டத்துச் சனங்கள். அவர்களுக்கு முன்னால் நடந்து வருகிறவர் ஓர் அக்கா. நல்ல உயரம், நல்ல குரல், தலையில் மரவள்ளிக்கிழங்கு மூட்டை. அவருடைய வீட்டுக்காரர் காவடி எடுப்பார். மற்றவர்களில் சிலர் பால்குடம் எடுப்பார்கள். விரதக்காரர்கள் என்பதால் நான் கூடத்தை மஞ்சள் தண்ணீர் விட்டுக் கழுவி, புதுச்சட்டி வாங்கி, பாய்களை வரிசையாக விரித்து வைத்திருப்பேன். அக்கா படியேறியதும் மூட்டையை இறக்கிவிட்டு முதலில் என் கன்னத்தைக் கிள்ளுவார். எனக்கு அப்போது முப்பது வயது. அப்படிக் கிள்ள வேறு யாரும் இல்லை.

வேண்டுதல் முடிந்தால் உடனே கிளம்பிவிட மாட்டார்கள். சிங்கப்பூரைப் பார்க்க வேண்டும். துறைமுகத்தில் கப்பல், மீன் காட்சிசாலை எல்லாம் என் வீட்டுக்காரர் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவார். ஆனால் அவர்கள் கேட்டுக் கேட்டுப் போனது குவீன்ஸ்டவுனுக்கு. அங்கே எழும்பியிருந்த அடுக்குமாடிகளில் லிஃப்ட் இருந்தது. முதல் தடவை ஏறியபோது அக்கா என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, “ஏன்டி, நாம மேல போறமா, வீடு கீழ போகுதா?” என்று கேட்டார். மேலே போய்ச் சேர்ந்ததும் இறங்க மாட்டேன் என்று நின்றார். இன்னொரு தடவை போகவேண்டுமாம்.

பிறகு சிங்கப்பூர் மலேசியாவை விட்டுத் தனி நாடாகப் பிரிந்தது. அதற்கப்புறம் எல்லாமே ஆட்டம் கண்டது போல எனக்குத் தோன்றியது. நான் எப்போதுமே பயந்த பிறவிதான். அடுப்பை அணைத்தேனா என்று பாதிப் படியில் நின்று திரும்ப ஏறுகிறவள். ஆனால் அந்த நாட்களில் தைரியசாலிகளும் பயந்தார்கள். வெள்ளைக்காரப் பட்டாளம் மூட்டை கட்டப்போகிறது, முகாம்களில் வேலை செய்தவர்கள் கதி என்ன என்று தேக்கா சந்தையில் இதே பேச்சு. அந்தப் பக்கம் ரப்பர் விலை விழுந்துகொண்டிருந்தது. எங்கள் கூடத்தில் ஆள் குறைந்தது. கடைசியாக, ஜொகூர்ப் பாலத்தில் பாஸ்போர்ட் பார்க்க ஆரம்பித்தார்கள். நேற்றுவரை ஒரே ஊர் போல வந்து போனவர்களுக்கு இனிமேல் புத்தகம் வேண்டும், முத்திரை வேண்டும். தோட்டத்துச் சனங்கள் அதற்கெல்லாம் எங்கே போவார்கள்?

பாய் ஒருநாள் தயங்கித் தயங்கி மேலே வந்தார். “தங்கச்சி, கோவிச்சுக்காதீங்க. துணி மூட்டை வைக்க எனக்கும் எடம் பத்தல. தைப்பூசம் வரைக்கும் பார்ப்போம். ஆள் வந்தா நடத்துங்க. வரலைன்னா மாடிய எனக்கு விட்டுக் குடுத்துருங்க. ஒங்களுக்கும் குவீன்ஸ்டவுன்ல வீடு கெடைக்கும்லா.”

தப்பாக ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் மாடி போய்விட்டால் அந்த அக்கா எந்தப் படியில் ஏறி என்னைத் தேடுவார்? அதை நான் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொன்னால் அசடு என்பார்கள்.

என் வீட்டுக்காரர் வேறு வழி கண்டுபிடித்தார். அரசாங்கம் வெளிநாட்டுச் சுற்றுப்பயணிகளைக் கொண்டுவரப் போகிறதென்று தமிழ்ப் பேப்பரில் போட்டிருந்ததை எனக்கு உரக்கப் படித்துக் காட்டினார். “இனிமே அதுதான் தொழில். தோட்டத்து ஆளுங்க வராட்டிப் போறாங்க. கப்பல்ல வர்ற வெள்ளைக்காரன் வருவான்.”

“வெள்ளைக்காரங்க இங்க எதுக்குங்க வர்றாங்க? அவங்களுக்குன்னு பெரிய ஓட்டல் எல்லாம் இருக்கு.”

“நீ வாய வச்சுக்கிட்டு சும்மா இரு லா. பயந்துக்கிட்டே இருந்தா எதுவும் நடக்காது.”

அடுத்த வாரம் ஒரு லாரியில் கட்டில்கள் வந்து இறங்கின. கிராஞ்சிப் பக்கம், ஊருக்குத் திரும்புகிற பட்டாளத்துக் குடும்பங்கள் விற்றுவிட்டுப் போனவை. போகிற வெள்ளைக்காரனின் கட்டிலை வாங்கி, வரப்போகிற வெள்ளைக்காரனுக்காகப் போட்டுவைத்தோம். கனமான இரும்பு. படி குறுகல் என்பதால் கழற்றி மேலே ஏற்றி, கூடத்தில் வைத்துப் பூட்டினார்கள். வெள்ளை விரிப்பு விரித்தார். ஆள் உயரத்துக்கு ஒரு கண்ணாடி மாட்டினார். கழுவுவதற்குத் தரையே தெரியவில்லை.

வெள்ளைக்காரர்கள் எங்கள் ரோட்டுக்கு வராமல் இல்லை. கழுத்தில் கேமராவோடு மாலை கட்டுகிறவரையும் கிளி ஜோசியக்காரரையும் படம் பிடித்துவிட்டுக் காரில் ஏறிப் போய்விடுவார்கள். ஒரே ஒரு தம்பதி எங்கள் படியில் ஏறியது. கட்டிலை அழுத்திப் பார்த்தார்கள், தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தார்கள், ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்புறம் அந்த அம்மாள் என் அம்மிக்கல்லைப் படம் எடுத்துக்கொண்டு, சிரித்த முகமாக இறங்கிப் போனார். அந்த அம்மி இப்போது எந்த ஊரில் இருக்கிறதோ.

தைப்பூசத்துக்கு முதல் நாள் வந்தது. வந்தாலும் வராவிட்டாலும் சரி என்று புதுச்சட்டியில் சமைத்து வைத்தேன். படியில் சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தவள், பின்பக்கம் சாதம் வடித்த நேரத்தில்தான் கோட்டைவிட்டேன். பாய் மூச்சு வாங்க வந்து நின்றார்.

“தங்கச்சி, ஒங்க ஆளுங்க வந்தாங்களே, பார்க்கலையா? படியேறி எட்டிப் பார்த்தாங்க. பார்த்துட்டு அப்படியே எறங்கிப் போறாங்க. என்னான்னு கேக்குறதுக்குள்ள கூட்டத்துல போயிட்டாங்க!”

கூடத்தைத் திரும்பிப் பார்த்தேன். வரிசையாகக் கட்டில், வெள்ளை வெளேரென்று விரிப்பு, கண்ணாடியில் இன்னொரு வரிசைக் கட்டில். எனக்கே யாருடைய வீடோ என்று இருந்தது.

செருப்புக்கூடப் போடாமல் ஓடினேன். பெருமாள் கோயில் பக்கம் மறுநாளைக்கான கூட்டம் அப்போதே கூடிவிட்டது. கடைகளுக்கு முன்னால் ஓடும் ஐந்தடி நடைபாதை நெடுக மஞ்சள் வேட்டிகளும் காவடிகளுமாக இருந்தன. கிளாங்கிலிருந்து வந்தவர்கள், ஈப்போவிலிருந்து வந்தவர்கள், யார் யாரோ. முகம் முகமாகப் பார்த்துக்கொண்டே போனேன். வராமல் இருந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். வந்துவிட்டுத் திரும்பிப் போனார்கள் என்பதைத்தான் தாங்க முடியவில்லை.

மூடியிருந்த ஒரு கடை வாசலில் மரவள்ளிக்கிழங்கு மூட்டை தெரிந்தது. அதன்மேல் சாய்ந்து அக்கா உட்கார்ந்திருந்தார்.

“அக்கா! வந்துட்டு ஏன்க்கா திரும்பிப் போனீங்க?” எனக்கு அழுகை வந்துவிட்டது.

“அடியே, நீ அங்கதான் இருக்கியா? ஏதோ துரை வீட்டு மாடியில ஏறிட்டோம்னு பயந்து எறங்கிட்டோம்டி. ஒன்ன வேற காணோம். வித்துட்டுப் போயிட்டேன்னுல்ல நெனச்சேன்.”

“அது எங்க வீட்டுக்காரர் வெள்ளைக்காரங்களுக்குன்னு...”

“அதான் பார்த்தேனே. வெரதக்காரன் கட்டில்ல படுக்கலாமா? அஞ்சடியே தேவலைன்னு இங்க உக்காந்துட்டோம்.” இடுப்பிலிருந்த துணி முடிச்சை அவிழ்த்துப் புது பாஸ்போர்ட்டை எடுத்தார். “இங்க பாரு. இதுக்காக லாரி ஏறி டவுனுக்குப் போயி போட்டோ புடிச்சேன். எங்க வீட்டுக்காரரு போட்டோவுல ரெண்டு தடவ கண்ண மூடிட்டாரு. இவ்வளவு பாடுபட்டு வந்து பார்த்தா, வீட்டையே மாத்தி வச்சிருக்கே.”

மூட்டையை நான் தலையில் தூக்கிக்கொண்டேன். எல்லோரையும் திரும்ப அழைத்துக்கொண்டு மாடி ஏறியபோது என் வீட்டுக்காரர் கூடத்தின் நடுவில் நின்றுகொண்டிருந்தார். அக்கா அவரை விடவில்லை.

“என்ன தம்பி? நாங்களும் இப்ப வெளிநாட்டுக்காரங்கதான். புத்தகம் இருக்கு, முத்திரை இருக்கு. எங்களுக்கு எந்தக் கட்டிலு?”

அவர் சிரித்துவிட்டார். கட்டில்களைக் கழற்ற நேரமில்லை. எல்லோருமாகச் சேர்ந்து சுவரோரம் தள்ளினார்கள். நடுவில் தரை வெளியே வந்தது. நான் மஞ்சள் தண்ணீர் கரைத்தேன். தரை காயும்வரை காவடியை எங்கே வைப்பது என்று அக்காவின் வீட்டுக்காரர் கையில் பிடித்தபடியே நின்றார். சாமிக்கு உள்ளதை வெறுந்தரையில் வைக்க மாட்டார்கள். ஒவ்வொரு வருடமும் அதற்கென்று ஒரு மேசையைத் தேடி அலைவோம். என் வீட்டுக்காரர்தான் விரிப்பை இழுத்துச் சரிசெய்து, “இதுல வைங்கண்ணே” என்றார்.

காவடி கட்டிலில் படுத்தது. பக்கத்துக் கட்டில்களில் பால்குடங்கள், தேங்காய், பூக்கூடை, ஒரு கைக்குழந்தை. வெள்ளைக்காரனுக்கு வாங்கிய விரிப்பில் விபூதி கொட்டியது. மனிதர்கள் கீழே பாய் விரித்து உட்கார்ந்தார்கள். அப்போதுதான் அக்காவுக்கு ஞாபகம் வந்தது போல; என் கன்னத்தைக் கிள்ளினார்.

துணிக்கடை பாய் படிக்கட்டில் நின்று கழுத்தை நீட்டிப் பார்த்தார். “என் துணி மூட்டைக்கு இங்க எடமில்ல போலிருக்கே,” என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

டேங்க் ரோடு முருகன் கோயிலுக்குக் காவடி நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தது. மறுநாள் லிஃப்டும் பார்த்தாயிற்று. அதற்கும் அடுத்த நாள் காலையில் குவீன் ஸ்திரீட்டில் பஸ் ஏற்றிவிடப் போனேன். என்னால் சும்மா இருக்க முடியவில்லை. சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, “அடுத்த வருசம் என்ன நடக்குமோக்கா. பாலத்துல என்ன சட்டம் போடுவாங்களோ. தோட்டத்த வித்துட்டா என்ன பண்ணுவீங்க? வருவீங்கள்ல?” என்று அடுக்கிக்கொண்டே போனேன்.

அக்கா இடுப்பு முடிச்சைத் தட்டிக் காட்டினார். “இந்தப் புத்தகத்த அஞ்சு வருசத்துக்குன்னு போட்டுக் குடுத்திருக்கான். அதுவரைக்கும் வாய மூடிக்கிட்டு தரையக் கழுவி வையி.”

பஸ் நகர்ந்தது. வீட்டுக்கு வந்து மிச்சமிருந்த மரவள்ளிக்கிழங்கை வேகப்போட்டேன். அடுப்பை அணைத்தேனா என்று அன்றைக்கு ஒரு தடவைதான் திரும்பிப் பார்த்தேன்.