படத்துக்கு அடியில் வராத எழுத்து

"அக்கா, படமே தமிழ்ப் படம்தானே? அதுக்கு எதுக்குலா தமிழ் எழுத்து?"

மாதச் சந்தா கட்டி இணையத்தில் படம் பார்க்கிறோமே, அந்த நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவையில் இருந்த பெண் தொலைபேசியில் என்னிடம் இப்படிக் கேட்டாள். தமிழ்ப் பிள்ளைதான். குரலும் இனிமைதான். எனக்கு வந்ததே கோபம்! உச்சி முதல் உள்ளங்கால் வரை பற்றிக்கொண்டு எரிந்தது.

நான் எனக்காகக் கேட்கவில்லை. என் வீட்டுக்காரருக்கு இரண்டு காதும் போய்விட்டது. சிம்பாங் அம்பாட்டில் இரும்புத் தகடு அடிக்கும் தொழிற்சாலையில் வேலை. தினமும் கடல் பாலம் தாண்டிப் போய், ஆயுசெல்லாம் அந்த இயந்திரத்துக்குப் பக்கத்திலேயே நின்றார். காதை அடைத்துக்கொள்ள ஏதோ கொடுத்தார்கள். அதை வைத்தால் மேற்பார்வையாளர் கூப்பிடுவது கேட்காது. கேட்காவிட்டால் ஏச்சு. அதனால் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டார். கடைசியில் ஒரு கேக்கை வெட்டி, கைகுலுக்கி வீட்டுக்கு அனுப்பிவைத்தார்கள், பாவிகள். காதுக்கருவி வாங்கினோம். விசில் அடிக்கிறது என்று அது அலமாரியில் கிடக்கிறது. எதிரே உட்கார்ந்து நிதானமாகப் பேசினால் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வார். அவ்வளவுதான் இப்போது.

இந்த மனுஷனுக்குப் படம் என்றால் உயிர். நகைச்சுவைக் காட்சி வந்துவிட்டால் அவர் சிரிக்கிற சிரிப்பில், எங்கள் ஜெலுத்தோங் அடுக்குமாடியில் பக்கத்து வீட்டுச் சீன அம்மா சுவரைத் தட்டுவார். காது போனதும் அந்தச் சிரிப்பும் போயிற்று. டிவி முன்னால் வெறுமனே உட்கார்ந்திருப்பார். எனக்கு அந்தச் சிரிப்பு திரும்ப வேண்டும். வேறு எதற்கு நான் சந்தா கட்டினேன்?

கோலாலம்பூரில் இருக்கும் மகள்தான் சொன்னாள். "மா, இதுல படத்துக்குக் கீழே எழுத்து வரும். அப்பா படிச்சுக்கலாம்லா. ஒரு மாசம் போட்டுப் பாருங்க, வொர்த்தா இல்லையான்னு அப்புறம் பார்க்கலாம்."

எழுத்து வந்தது. மலாய் வந்தது, ஆங்கிலம் வந்தது, சீனம் வந்தது, நான் கேள்வியே படாத மொழியெல்லாம் வரிசையில் வந்து நின்றது. தமிழ் மட்டும் இல்லை. இவர் தாசேக் கெலுகோர் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை படித்தவர். தமிழ்ப் பத்திரிகையை முதல் பக்கத்திலிருந்து மரண அறிவித்தல் வரை ஒரு வரி விடமாட்டார். மலாய் நன்றாகப் பேசுவார், ஆனால் படிப்பது எழுத்துக்கூட்டித்தான். ஒரு வரியை முடிப்பதற்குள் கதாநாயகிக்குக் கல்யாணமே ஆகிவிடுகிறது. உதட்டைப் பார்க்கலாமென்றால் பாதி நடிகர்களுக்கு மீசை, மீதிப் பேர் முதுகைக் காட்டிக்கொண்டு வசனம் பேசுகிறார்கள்.

அதனால்தான் அந்தப் பெண்ணுக்குப் போன் போட்டேன்.

"தமிழ் தெரிஞ்சவங்களுக்குக் கேட்டாலே புரியுமே அக்கா" என்றாள்.

"கேக்கலைன்னா?"

"வால்யூம் ஏத்திப் பாருங்கக்கா."

போனை வைத்துவிட்டேன். இன்னும் ஒரு நிமிடம் பேசியிருந்தால் என் வாயிலிருந்து என்ன வந்திருக்குமோ தெரியாது. தமிழனுக்குக் காது போகாதா? காது போனவனுக்குத் தமிழும் போய்விட்டது என்று நினைப்பா? யாரோ ஒருவர் இந்த மொழிப் பட்டியலைப் போட்டிருப்பார் அல்லவா, அவர் வீட்டில் ஒரு கிழவன்கூடவா இல்லை?

அன்றைக்கே சந்தாவை நிறுத்தியிருப்பேன். இவர்தான் தடுத்தார். "விடு, எனக்குப் புரியுது. நல்லாத்தான் இருக்கு" என்றார். உண்மையாகவே சிரிக்கவும் ஆரம்பித்தார். சரியான இடத்தில், நான் சிரிக்கும்போதே. எனக்கு வாயெல்லாம் பல். "அப்பா சிரிக்கிறாருடி" என்று மகளிடம் சொன்னேன். அடுத்த மாதமும் கட்டிவிடலாம் என்றே இருந்தேன்.

மாதம் முடிகிற ஞாயிற்றுக்கிழமை. கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் இவர் வாங்கிவந்த நாசி கண்டார் சோற்றையும் கறியையும் சாப்பிட்டுவிட்டு, மதியம் இருவரும் படம் பார்த்துக்கொண்டிருந்தோம். என் தங்கை கைப்பேசிக்கு ஒரு வீடியோ அனுப்பினாள். தண்ணீர்மலைப் பக்கம் ஒரு குரங்கு யாரோ ஒருத்தருடைய தொப்பியைப் பிடுங்கித் தன் தலையில் வைத்துக்கொண்டு ஓடுகிறது. எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. நான் காட்டுவதற்கு முன்பே இவரும் தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தார்.

நிமிர்ந்து திரையைப் பார்த்தேன். ஒரு தாய் செத்துப்போன மகனை மடியில் போட்டுக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள்.

அவர் தோளைப் பிடித்து என் பக்கம் திருப்பினேன். "என்னங்க, இப்ப எதுக்குச் சிரிச்சீங்க?"

"நீ சிரிச்சியே" என்றார்.

"அப்ப இத்தனை நாளா?"

சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தார். பிறகு, "நீ பாவம், எனக்காகத்தானே போட்டே" என்றார்.

ஐயோ! ஒரு மாதமாக இந்த மனுஷன் படமே பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். அவர் மேல் கோபம், அந்தத் தொழிற்சாலை மேல் கோபம், வால்யூம் ஏற்றச் சொன்னவள் மேல் கோபம், ஒரு மாதமாக ஏமாந்த என் மேலும் கோபம். ரிமோட்டை எடுத்தேன். நிறுத்துகிறேன் என்று அழுத்தினால், ஏன் நிறுத்துகிறீர்கள் என்று கேட்கிறது. விலை அதிகமா? பிடித்த படம் இல்லையா? வேறு நிறுவனத்துக்குப் போகிறீர்களா? என் காரணம் அங்கே எங்கும் இல்லை. எதையோ ஒன்றை அழுத்தித் தொலைத்தேன். டிவியை அணைத்தேன்.

அறை அமைதியானது எனக்கு மட்டும்தான் தெரிந்தது. நாற்காலியை இழுத்து அவர் எதிரே போட்டு உட்கார்ந்தேன். அந்தப் பெண் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் அவருக்குச் சொன்னேன். படமே தமிழ்தானே என்று அவள் கேட்டது, நான் கேட்டது, கடைசியில் வால்யூம் ஏற்றிப் பாருங்கள் என்றது, எல்லாம். கோபத்தில் என் உதடு நடுங்கியது. அவர் அதையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வால்யூமா?" என்றார். "எனக்கா?"

சிரிக்க ஆரம்பித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர, பழைய சிரிப்பு. பக்கத்து வீட்டுச் சீன அம்மா சுவரைத் தட்டினார். நான் இன்னும் சிரிக்கவே இல்லை.