இருநூறு கேபிக்குள் அடங்காத பக்கம்

கண்ணுகளா, இது நடந்தது. அதுவும் பட்டப்பகலில். கணினியே ஒவ்வொரு கோப்புக்கும் நேரம் குறித்து வைத்திருக்கிறது. நான் கூட்டியும் சொல்ல முடியாது, குறைத்தும் சொல்ல முடியாது. பயமாக இருந்தால் பக்கத்தில் யாரையாவது உட்கார வைத்துக்கொண்டு படியுங்கள்.

குமாரபாளையத்தில் தறிக்கூடங்களுக்கு நடுவே ஒரு ஆன்லைன் சென்டர் வைத்திருக்கிறேன். போன ஜூன் மாதம், ஒரு வியாழக்கிழமை, மதியம் 3.50. தறி ஓட்டும் உண்ணாமலை, மகள் தனப்பிரியாவைக் கூட்டிக்கொண்டு ஓடி வந்தாள்.

“அக்கா, அஞ்சு மணிக்குள்ள ஏத்தோணுமாங்க. இல்லீன்னா புள்ளைக்கு நர்சிங் சீட்டு போயிருமுங்க.”

“கடைசி நாள்லதான் எல்லாருக்கும் என்ற கடை நெனப்பு வருது. உக்காருங்க.”

முதல் பட்டதாரிச் சான்றிதழுக்கான விண்ணப்பம்; அதில் கிடைக்கும் கட்டணச் சலுகை இல்லாமல் இவர்களால் கல்லூரியில் சேர முடியாது. குடும்பத்தில் இருப்பவர்கள், இறந்தவர்கள் எல்லோர் பெயரையும் படிப்பையும் எழுதி, இதுவரை யாரும் பட்டம் வாங்கவில்லை என்று உறுதி தர வேண்டும். அந்தத் தாள் ஒன்று, ரேஷன் அட்டை நகல் ஒன்று. இரண்டும் சேர்ந்து ஒரே பிடிஎஃப் கோப்பாக, இருநூறு கேபி அளவுக்குள் இருக்க வேண்டும். ஒரு கேபி கூடினாலும் வாங்காது. இயந்திரம் பார்க்கிற வேலை. கெஞ்சிக் கேட்க அங்கே ஆள் இல்லை.

4.06. ஸ்கேன் செய்தேன். சுருக்கினேன். 148 கேபி. ஏற்றினேன்.

‘அளவு கூடுதல்’ என்று திருப்பிவிட்டது.

திறந்து பார்த்தேன். 391 கேபி. பக்கங்கள்... மூன்று.

நான் வைத்தது இரண்டு தாள். மூன்றாவது பக்கம் வெறும் வெள்ளை. அதை நீக்கினேன். 148 ஆனது. ஏற்றினேன். மறுபடியும் 391. மறுபடியும் மூன்று பக்கம். ஒன்றுமே எழுதாத தாளுக்கு எங்கிருந்து இவ்வளவு கனம்?

4.22. பிடிஎஃப் வேண்டாமென்று, இரண்டு தாளையும் தனித்தனி ஜேபிஜி படமாக எடுத்தேன், பிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்று. போய்ப் பார்த்தால் மூன்று படங்கள்.

4.31. மின்சாரம் போனது. தெருவின் தறிச் சத்தம் மொத்தமாக நின்றது. கணினி மட்டும் யூபிஎஸ்ஸில் ஓடியது. ஸ்கேனருக்கு அந்த இணைப்பு கிடையாது.

அப்போது...

ழ்ர்ர்ர்ர்...

மூடிய ஸ்கேனருக்குள் வெளிச்சம் நகர்ந்தது. மெதுவாக. உள்ளே தாள் இல்லை.

திரையில் ஒரு வெள்ளைப் பக்கம் வந்தது. கருமையைக் கூட்டினேன்.

ஓரத்தில்... நான்கு விரல்கள். யாரோ தாளைப் பிடித்து நீட்டுகிற மாதிரி.

சுண்டு விரல் பாதிதான் இருந்தது.

“அம்மா...” என்றாள் தனப்பிரியா. “தறியில வெட்டுப்பட்ட வெரலும்மா. அண்ணன் கையி.”

விண்ணப்பத் தாளில் அண்ணன் என்று யார் பெயரும் இல்லை. உண்ணாமலையைக் கேட்டேன்.

“யாரை எழுதாம உட்டீங்க, சாமி?”

“பெரியவன் மணிமாறனுங்க. ப்ளஸ் டூ படிக்கையில காய்ச்சல்ல போயிட்டானுங்க. ரேஷன் அட்டையில பேரை எடுத்தாச்சு, அதைப் பார்த்துத்தான் எழுதுனேன்...” தாளைத் திருப்பி வைத்தாள். “இல்லீங்கக்கா. அவன் பேருக்குப் பக்கத்துல செத்துட்டான்னு என்ற கையால எழுத முடியலீங்க.”

4.44. மின்சாரம் வந்தது. அவள் எழுதினாள். பெயர். பன்னிரண்டாம் வகுப்பு. அதற்குப் பிறகு ஒரு சொல். அந்தச் சொல்லுக்கு மட்டும் நான்கு நிமிடம் ஆனது.

4.52. ஸ்கேன். இரண்டு பக்கம். 151 கேபி.

ஏற்றுக்கொண்டது.

இரண்டு வாரத்தில் சான்றிதழ் வந்தது. சீட்டும் கிடைத்தது. விசாரிக்க வீட்டுக்கு யாருமே வரவில்லையே என்று உண்ணாமலைக்குச் சந்தேகம். என் கடையில் இருந்தே கிராம நிர்வாக அலுவலருக்குப் போன் போட்டாள். ஸ்பீக்கரில் நானும் கேட்டேன்.

“திங்கக்கிழமையே அண்ணன்னு சொல்லி ஒரு பையன் வந்தானேம்மா. புள்ளையோட பெரியப்பன் ஊட்டுப் பையனா? தங்கச்சி படிக்கோணும் சார்னு, நான் கையெழுத்துப் போடற வரைக்கும் பெஞ்சை உட்டு எந்திரிக்கவே இல்லை.”

அவர்கள் சொந்தத்தில் தனப்பிரியாவுக்கு அண்ணன் முறையில் வேறு ஒருவரும் கிடையாது.

உண்ணாமலை அழவில்லை. போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

“சார்... எளைச்சுப் போயிருந்தானுங்களா?”