ஓட்னி இழுத்த ஹேண்ட்பிரேக்

ஓட்னி பள்ளிக்கூடத்தில் சமையல்காரி. ஞாயிறானால் தேவாலயத்தில் பாடுவாள். மற்ற நேரமெல்லாம் அவளுக்கு உலகமே புருஷன் இங்வால்ட்தான். நார்வேயின் இந்த மூலையில், படகுத்துறையில் வாஃபிள் சுட்டு விற்கிற எனக்கு அவளை நன்றாகவே தெரியும்.

இங்வால்டுக்கு நுரையீரலில் புற்று. இருமி இருமித் தூக்கமே அற்றுப்போனது. நகரத்து ஆஸ்பத்திரியிலிருந்து ஓட்னி அவனைக் காரில் அழைத்து வந்த அன்று, மலையுச்சியிலேயே கண்ணயர்ந்துவிட்டான். செங்குத்தான இறக்கம் முழுக்க அவன் விழிக்கவில்லை. வண்டியைத் துறைச் சரிவில் நிறுத்திவிட்டு, முகமெல்லாம் சிரிப்பாக என் கடைக்கு வந்தாள்.

"மெதுவாப் பேசுடி. தூங்குறாரு."

"இங்க பேசினா அங்க கேக்குமாக்கும்! அவருக்கும் ஒண்ணு சுடவா?"

"சுடு. சீஸை அள்ளி வை, கஞ்சத்தனம் பண்ணாதே."

சுட்டுக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு திரும்பினாள். அதுவரை அசையாமல் நின்ற வண்டி, தானாக நகர்ந்துகொண்டிருந்தது. அலறிக்கொண்டு ஓடினாள். அவள் தொடுவதற்குள் சரிவில் இறங்கித் தண்ணீருக்குள் போய்விட்டது. இங்வால்டை மறுநாள் பிணமாகத்தான் எடுத்தார்கள்.

படகில் டிக்கெட் கொடுக்கும் ஹால்வாருக்கு நாக்கில் நரம்பே கிடையாது.

"பிரேக் போட மறந்துட்டு, போட்டேன்னு சாதிக்கிறா பாரு!"

"இழுத்தேன். என் கையால இழுத்தேன்" என்று பார்த்தவரிடமெல்லாம் சொன்னாள் ஓட்னி. அதை ஒருவராவது நம்பவேண்டும் என்பதைத் தவிர அவளுக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

வண்டியைச் சோதித்த அதிகாரி என் கடையில் வைத்துத்தான் அவளிடம் பேசினார்.

"நீங்க இழுத்துத்தான் இருக்கீங்கம்மா. இறக்கம் பூரா பிரேக்கை மிதிச்சே வந்ததுல சக்கரத் தட்டு உரசி உரசிக் கொதிச்சிருக்கு. சூட்டுல இரும்பு உப்பும். அப்பிடி உப்பினதைத்தான் ஹேண்ட்பிரேக் கவ்வியிருக்கு. ஆற ஆறச் சுருங்கி, பிடி விட்டுப்போச்சு."

எனக்கு நெஞ்சு குளிர்ந்தது. அவள் முகம் மட்டும் தெளியவில்லை.

"சின்ன கியர்ல இறங்கியிருந்தா?"

"இவ்வளவு சூடேறியிருக்காது."

"கியர்லயே நிறுத்தியிருந்தா?"

"நின்னிருக்கும். ஏம்மா?"

"சின்ன கியர்ல இன்ஜின் கத்தும். கியர்ல நிறுத்தினா வண்டி ஒரு உலுக்கு உலுக்கும். அவர் முழிச்சுடுவாரேன்னு..."

அதிகாரி தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார். நான் அழுதேன். அவள் அழவில்லை.

இழுத்தேன் என்று அதற்குப்பின் அவள் யாரிடமும் சொல்லவில்லை. விஷயம் தெரிந்து ஹால்வார் மன்னிப்புக் கேட்க வந்தான்.

"தப்பாப் பேசிட்டேன், ஓட்னி. இனி எல்லார்கிட்டயும் உண்மையைச் சொல்லிடறேன்."

அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வேண்டாம் ஹால்வார். நான் பிரேக் போட மறந்துட்டேன்னே சொல்லு."